ஒப்படைத்தல்: ஒரு சொல்லும் ஒரு தகரப்பெட்டியும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பரணை ஒழிக்கிற வேலை என் தலையில விழுந்தது. பழைய அண்டா, உடைஞ்ச தொட்டில் கம்பு, 2 மூட்டை பழைய வார இதழ்கள், எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு தகரப்பெட்டி. "அதைப் பாத்து எறக்குடா, தாத்தாவோடது" என்றார் அம்மா.

தாத்தான்னா அம்மாவோட அப்பா. திருவாரூர் பக்கம் ஒரு சின்ன கிராமத்துல கர்ணமா இருந்தவர். ஊர்ல கணக்குப்பிள்ளைன்னு கூப்பிடுவாங்க. அவர் பதவி போனப்போ எனக்கு 5 வயசு. எனக்கு நினைவுல இருக்கிறதெல்லாம் திண்ணையில சாய்வு மேசையும் மைக்கூடும்தான். மத்தபடி அம்மா சொல்லிக் கேட்டது.

அம்மா சொன்னதுல ஒரே ஒரு வாக்கியம் எனக்குள்ள பல வருஷமா உறுத்திக்கிட்டே இருந்தது. கணக்குகளை எல்லாம் அதிகாரிங்க வந்து எடுத்துக்கிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி தாத்தா சாப்பிடலை. அம்மா போய் கூப்பிட்டப்போ அவர் சொன்னாராம்: "வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. நான் ஒப்படைக்கலை."

இது என்ன பேச்சு? அவங்க வாங்கிக்கிட்டாங்கன்னா இவர் ஒப்படைச்சுட்டார்னுதானே அர்த்தம்? ரொம்ப நாள் இதைக் கிழவரோட பிடிவாதம்னுதான் நினைச்சிருந்தேன். இப்போ பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் அவர் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கார்னு புரிஞ்சுது. அந்தச் சொல்லைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நான் தமிழாசிரியன் கிடையாது, வெறும் ஆர்வக்கோளாறு. தமிழ் படிச்சவங்க தப்பிருந்தா தலையில குட்டலாம்.

ஒப்பு என்றால் என்ன?

ஒப்படை = ஒப்பு + அடை. 'அடை'யை விடுங்க, சேர்ப்பது, ஓரிடத்தில் வைப்பது. சுவாரசியம் எல்லாம் 'ஒப்பு'ல இருக்கு.

ஒத்திருப்பது ஒப்பு. ரெண்டு பொருள் சமமா இருந்தா ஒப்பு. ரெண்டு மனசு சமமா இருந்தாலும் ஒப்புதான், அதான் 'ஒப்புக்கொண்டான்', 'ஒப்புதல்'. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு எழுதினா ஒப்பந்தம். கையெழுத்து ஒப்பம். நாலு பேருக்கு ஒத்தாசையா வாழறது ஒப்புரவு. வள்ளுவர் இதுக்கு ஒரு அதிகாரமே வச்சிருக்கார். விளையாட்டுல கணக்குக்குச் சேர்த்துக்கிற சின்னப் பையன் ஒப்புக்குச் சப்பாணி. நான் தெருவுல ஆடின கிரிக்கெட் முழுக்க இந்தப் பதவியிலதான் :-)

இதே வேர்ல இருந்து வர்ற இன்னொரு வினை 'ஒப்புவித்தல்'. அகராதியில பார்த்தா இதுக்கு மூணு பொருள். ஒண்ணு, ஒருத்தர் வசம் சேர்ப்பது. ரெண்டு, மெய்ப்பிப்பது. மூணு, பாடத்தை மனப்பாடமா வாத்தியார்கிட்டச் சொல்வது. பேச்சுல சுருங்கி 'ஒப்பிக்கிறது' ஆயிடுச்சு.

பொருளைச் சேர்ப்பதுக்கும் பாடம் சொல்றதுக்கும் என்ன சம்பந்தம்? யோசிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே வேலைதான். வாத்தியார் ஒரு பாட்டைக் கொடுத்தார். ராத்திரி பூரா அது நம்மகிட்ட இருந்தது. காலையில அவர் முன்னாடி நின்னு அதைத் திரும்ப வைக்கிறோம். அவர் கையில புத்தகத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா ஒத்துப் பார்க்கிறார். ஒரு சீர் விட்டுப்போச்சுன்னா பிரம்பு. கொடுத்தது மாதிரியே திரும்பி வந்ததா என்பதுதான் கேள்வி.

இதை வச்சு யோசிச்சா 'கொடுத்தல்' வேற, 'ஒப்படைத்தல்' வேற. கொடுத்தா போச்சு, அது வாங்கினவனோடது. ஒப்படைக்கிறதுல பொருள் கை மாறுது, ஆனா 'இது யாருடையது' என்கிற கேள்வி மாறுறதே இல்லை. அதோட, ஒப்படைக்க எப்பவும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் வைக்கணும், இன்னொருத்தர் ஒத்துப் பார்த்துச் 'சரி' சொல்லணும். அந்தச் 'சரி' வராத வரைக்கும் ஒப்பு முடியலை.

இலங்கைத் தமிழ் நண்பர்கள் பள்ளிக்கூடத்திலயும் பல்கலைக்கழகத்திலயும் எழுதிக் கொடுக்கிற அசைன்மென்ட்டை 'ஒப்படை'ன்னுதான் சொல்றாங்க. முதல்ல கேட்டப்போ வேடிக்கையா இருந்தது. இப்போ யோசிச்சா எவ்வளவு பொருத்தமான சொல்!

தாரை வார்ப்பதும் கையடுப்பதும்

ஒப்படைப்புக்கு நேர் எதிர்ச்சொல் எதுன்னு கேட்டா நான் 'தாரை வார்த்தல்'னு சொல்வேன். அந்தக் காலத்துல நிலத்தை, ஊரைத் தானம் கொடுக்கும்போது கையில நீர் வார்த்துக் கொடுப்பாங்க. கல்வெட்டுகள்ல நீர் வார்த்துக் கொடுத்ததா அடிக்கடி வரும். கீழே ஊத்தின தண்ணியைத் திரும்ப அள்ள முடியாது இல்லையா, அது மாதிரி அந்தப் பொருள்ல கொடுத்தவனுக்கு இனி பாத்தியதை இல்லை. 1974-ல கச்சத்தீவு இலங்கைக்குப் போனதைப் பத்திப் பேசும்போது நம்ம மேடைகள்ல 'தாரை வார்த்துட்டாங்க'ன்னுதான் சொல்வாங்க, 'ஒப்படைச்சாங்க'ன்னு சொல்ல மாட்டாங்க. கோபம் எல்லாம் அந்த ஒரு வினைச்சொல்லுல இருக்கு.

சரி, பழைய தமிழ்ல 'ஒப்படை'க்கு என்ன சொன்னாங்க? 'கையடை'. கை + அடை. 'ஓம்படை'ன்னு இன்னொரு சொல் தொல்காப்பியத்துலயே இருக்கு, ஓம்புதல்னா காப்பாத்துறது.

நற்றிணையில 10-ஆவது பாட்டு. தலைவி வீட்டுக்குத் தெரியாம தலைவனோட கிளம்பப் போறா. ராத்திரி. தோழி அவளைக் கூட்டிவந்து தலைவன்கிட்ட விடுறா. விட்டுட்டு ஒண்ணு சொல்றா: இவளுக்கு வயசாகி, அழகு தளர்ந்து, கூந்தல் நரைச்சாலும் இவளைக் கைவிட்டுடாதே. இந்தப் பாட்டோட அடிக்குறிப்புல இந்தச் செயலுக்கு வச்ச பேரு 'கையடுத்தது'. கொடுத்தது இல்லை, கையடுத்தது. பின்னாடி வந்த அகப்பொருள் இலக்கணம் 'பாங்கி கையடை கொடுத்தல்'னே இதுக்கு ஒரு துறை வச்சிருக்கு.

கம்பராமாயணத்துல பாலகாண்டத்துல 'கையடைப் படலம்'னே ஒண்ணு இருக்கு. விசுவாமித்திரர் வந்து வேள்வியைக் காக்க ராமனைக் கேட்கிறார். தசரதனுக்கு உயிரே போற மாதிரி ஆகுது. வசிஷ்டர் சொல்லிச் சமாதானம் ஆகி, கடைசியில பிள்ளையை முனிவர் கையில விடும்போது சொல்றதோட சாரம் இதுதான்: இனிமே இவனுக்குத் தகப்பனும் நீங்க, தாயும் நீங்க.

இந்த வாக்கியத்தை வேற எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இன்னைக்கும் கல்யாண வீட்டுல, பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா சம்பந்தியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒப்படைச்சுட்டோம் சம்பந்தி, இனிமே நீங்கதான் அவளுக்கு அம்மா"ன்னு கண் கலங்குவாங்களே, அதேதான். தலைமுறை தலைமுறையா ஒரே வசனம்.

இதை எழுதும்போது பின்னாடி நின்னு படிச்ச என் மனைவி, "பொண்ணு என்ன சாமானா ஒப்படைக்கிறதுக்கு?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. ஆனா ஒரு சின்ன வித்தியாசத்தையும் பார்க்கணும். கல்யாணச் சடங்குல இருக்கிற பேரு கன்னிகாதானம். தானம் கொடுத்ததைப் பத்தி அப்புறம் கேள்வி கேட்க முடியாது. ஒப்படைச்சதைப் பத்திக் கேட்கலாம். 'உன்னை நம்பி விட்டேனே, என் பொண்ணு ஏன் இப்படி இளைச்சிருக்கா?'ன்னு கேட்கிற உரிமை ஒப்படைச்ச அம்மாவுக்கு உண்டு. மந்திரம் தானம்னு சொல்லுது, அழுகிற அம்மா ஒப்படைப்புன்னு சொல்றா. நான் அம்மா கட்சி.

அடைக்கலம் இழந்தவள்

இந்தச் சொல் எவ்வளவு கனமானதுன்னு தெரிஞ்சுக்கணும்னா சிலப்பதிகாரத்துக்குத்தான் போகணும். மதுரைக் காண்டத்துல 'அடைக்கலக் காதை'. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோட மதுரைக்கு வெளியில வந்து சேர்றாங்க. அந்த வழியா மாதரின்னு ஒரு இடைக்குல மூதாட்டி வர்றா. கவுந்தி அவளைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போடுறார்: பால் மோர் வித்துப் பிழைக்கிற, ஆடு மாடு காக்கிற குலம், நல்லவங்க, இவகிட்ட விடலாம்.

விடும்போது எப்படி விடுறார்னு பாருங்க. இவளைக் குளிப்பாட்டு, கண்ணுக்கு மை எழுது, பூ வை, நல்ல துணி உடுத்து, இவளுக்குத் தோழியும் நீ, காவலும் நீ, தாயும் நீ. கண்ணகி எப்படிப்பட்டவ, வெயில்ல நடந்து பழக்கமில்லாதவ எப்படி வந்து சேர்ந்தா, அவ கற்பு எப்படிப்பட்டது, எல்லாம் சொல்லி விடுறார். கிட்டத்தட்ட ஒரு பட்டியல் மாதிரி. மாதரியும் மனசார ஏத்துக்கிறா.

அப்புறம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். கோவலன் கொலை, சிலம்பு, மதுரை எரிஞ்சது. பொதுவா நாம இங்கேயே நிறுத்திடுவோம். மாதரி என்ன ஆனா?

அது வஞ்சிக் காண்டத்துல, நீர்ப்படைக் காதையில வருது. மாடலன் என்கிற மறையவன் செங்குட்டுவன்கிட்டச் சொல்றான். நடந்ததைக் கேள்விப்பட்ட மாதரி, அடைக்கலமா வந்ததை இழந்துட்டேன்னு தன் மக்கள்கிட்டச் சொல்லிட்டு ராத்திரியில நெருப்புல விழுந்துட்டா. கவுந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்து உயிரை விட்டார்.

யோசிச்சுப் பாருங்க. மாதரி மேல ஒரு தப்பும் இல்லை. கோவலனைக் கொன்னது அரசனோட ஆளுங்க. பொய் சொன்னது பொற்கொல்லன். தீர விசாரிக்காதது பாண்டியன். மாதரி அந்தப் பொண்ணுக்குச் சோறாக்கப் பாத்திரம் கொடுத்து, வீடு கொடுத்து, தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டவ. ஆனா ஒப்படைச்சவர் வந்து 'எங்கே?'ன்னு கேட்டா காட்டுறதுக்கு அவகிட்ட கண்ணகி இல்லை. ஒத்துப் பார்க்கப் பொருள் இல்லை. யாரும் கேட்கலை, அவளே கேட்டுக்கிட்டா.

சாகாத ஆடுகள்

மாதரியோட குலத்துக்காரங்களை அப்புறம் சோழர் கல்வெட்டுகள்ல பார்க்கலாம். கோயில்ல அணையாம ஒரு விளக்கு எரியணும், நந்தா விளக்கு. அதுக்கு நெய் வேணும். ராஜாவோ, ராணியோ, ஒரு வியாபாரியோ, படைவீரனோ ஆடுகளைத் தானமா விடுவாங்க. பல ஊர்ல ஒரு விளக்குக்கு 90 ஆடு, தஞ்சைப் பெரிய கோயில்ல 96. ஆட்டைக் கோயில்ல கட்டி வைக்க முடியாதே? அதனால இடையர்கள் வசம் விடுவாங்க. அவங்க தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். உழக்குன்னா கால் நாழி. எதுவரைக்கும்? சந்திராதித்தவல், அதாவது சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும்!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஆடுகளோட பேரு. 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடு ஆகாத ஆடு. படிச்சதும் சிரிப்பு வந்தது, எந்த ஊர்ல ஐயா சாகாத ஆடு? விஷயம் என்னன்னா, ஒரு ஆடு செத்தா, கிழடு ஆனா, மந்தையில பிறக்கிற குட்டியை அந்த இடத்துல சேர்த்துடணும். மிஞ்சுற குட்டி இடையனோட லாபம். ஆனா எண்ணிக்கை மட்டும் என்னைக்கு எண்ணினாலும் 96. ஆடு சாகும், கணக்கு சாகாது.

ஒப்படைப்பு என்கிற ஏற்பாட்டை இதைவிடத் தெளிவா யாரும் எழுதி வைக்கலை. யார் கொடுத்தது, எந்தக் கோயிலுக்கு, எத்தனை ஆடு, யார் வசம், எவ்வளவு நெய், எந்த அளவையால அளக்கணும், எல்லாம் கல்லுல. சில இடத்துல பிணை நிக்கிறவங்க பேரும் இருக்கும். கல்வெட்டுன்னா நாம ராஜாவோட போர் வெற்றியைத்தான் தேடுறோம். பெரிய கோயில் சுவர்ல ராஜராஜன் பேரு இருக்கிற மாதிரியே, ஆட்டை ஏத்துக்கிட்ட இடையர்கள் பேரும் வரிசையா இருக்கு. ஆயிரம் வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்ட ரசீது அது.

ஆட்டுக்கு மாத்து குட்டி இருந்தது. கண்ணகிக்கு மாத்து கிடையாது. அதுதான் மாதரியோட பிரச்னை.

நம்பினவனும் காட்டிக்கொடுத்தவனும்

இஸ்லாமியத் தமிழ்ல 'அமானிதம்'னு ஒரு அழகான சொல் உண்டு. 'அமானிதமா வச்சிருக்கேன்'னு எங்க தெரு பாய் சொல்லிக் கேட்டிருக்கேன். நபிகள் நாயகம் 622-ல மக்காவை விட்டு மதீனாவுக்குக் கிளம்பின ராத்திரி பத்தி வரலாற்று நூல்கள்ல வர்ற செய்தி: அவரைக் கொல்லக் காத்திருந்த ஊர்க்காரங்களே நம்பிக் கொடுத்து வச்ச பொருள்கள் அவர்கிட்ட இருந்தன. அலியை மக்காவிலயே இருக்கச் சொல்லி, ஒவ்வொண்ணையும் உரியவங்ககிட்டச் சேர்த்துட்டு அப்புறம் வரச் சொன்னார். எதிரியோட பொருளா இருந்தாலும் அது ஒப்படைச்ச பொருள்.

கிறித்தவத் தமிழ்ல இந்த வினை இன்னும் ஆழமாப் போகுது. சீகன்பால்கு தரங்கம்பாடியில புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சிட்டு முடிச்சது 1715-ல. அதுக்குப் பிறகு பல பேர் கை பட்டு வந்த, புராட்டஸ்டன்ட் சபைகள்ல இன்னும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பை எடுத்துக்குங்க. யோவான் நற்செய்தி 19-ஆம் அதிகாரம். பிலாத்து இயேசுவைச் சிலுவையில அறைய விடுறான், அதுக்கு வினை 'ஒப்புக்கொடுத்தல்'. கொஞ்சம் தள்ளி இயேசு உயிர் விடுறார், அதுக்கும் அதே 'ஒப்புக்கொடுத்தல்'. கிரேக்க மூலத்திலயும் ரெண்டு இடத்திலயும் ஒரே வினைதான், பரதிதோமி. ஆனா யூதாஸ் செஞ்சதுக்கும் மூலத்துல இதே வினைதான் வருது! அங்கே மட்டும் தமிழ் மொழிபெயர்ப்பு 'காட்டிக்கொடுத்தல்'னு வேற சொல்லை எடுத்திருக்கு.

லத்தீன்லயும் இதே கதை. த்ராதெரே, கை மாத்துறது. அதிலிருந்துதான் இங்கிலீஷ்ல மரபைக் குறிக்கிற டிரெடிஷனும் வந்தது, துரோகியைக் குறிக்கிற டிரெய்ட்டரும் வந்தது. பாட்டன் பேரன் கையில வைக்கிறதும், துரோகி எதிரி கையில வைக்கிறதும் கையளவுல ஒரே வேலை. தமிழ் இந்த ரெண்டையும் கலக்க விடலை. துரோகத்துக்குக் 'காட்டிக்கொடு', நம்பிக்கைக்கு 'ஒப்படை'. அந்த 'ஒப்பு'தான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

1980 நவம்பர்

இப்போ தாத்தாகிட்ட வர்றேன்.

1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசாங்கம் ஒரு அவசரச் சட்டம் போட்டது. கர்ணம், மணியம் முதலான பகுதிநேர கிராம அலுவலர் பதவிகள் ஒரே நாள்ல ஒழிஞ்சது. மாநிலம் முழுக்க 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. சட்டம் செல்லும்னு 1982-ல தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்குத்தான் பரிட்சை எழுதித் தேர்வாகிற கிராம நிர்வாக அலுவலர்கள், நம்ம வி.ஏ.ஓ.க்கள், வந்தாங்க.

தாத்தாவுக்காக நான் இந்தச் சட்டத்தைத் திட்டப் போறதில்லை. ஊரோட நிலம் பூரா யார் பேர்ல இருக்கு, எங்கே வரப்பு, யாருக்கு எவ்வளவு தீர்வை, எல்லாம் ஒரே வீட்டு அலமாரியில, அப்பனுக்கு அப்புறம் பிள்ளைன்னு தலைமுறையா இருந்தது. பேனா பிடிச்ச வீட்டை எதிர்த்து யாரும் பேச முடியாது. அந்தப் பேனாவால கெட்டுப்போன குடும்பங்கள் நிறைய. ஊர்க்கணக்கு ஊரோட சொத்து, அரசாங்கம் நம்பி விட்டு வச்சது. பல கர்ணங்கள் அது தன் வீட்டுச் சொத்துன்னு நினைச்சுட்டாங்க. ஒப்படைச்ச பொருளைத் தன் பொருள்னு நினைச்சா, ஒருநாள் ஒப்படைச்சவன் வந்து கேட்கத்தான் செய்வான். தாத்தா இதுல எந்த ரகம்னு எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அவர் தெய்வம். ஊர்ல விசாரிச்சா வேற மாதிரியும் சொல்வாங்களோ என்னவோ.

ஆனா அன்னைக்கு நடந்தது அம்மா கண்ணால பார்த்தது. என் தம்பி பிரசவத்துக்காக அம்மா அங்கே இருந்தாங்க. மழைக்காலம். சேதி வந்ததுமே தாத்தா 2 ராத்திரி உட்கார்ந்து பட்டியல் எழுதினாராம். அடங்கல் எந்தப் பசலியில இருந்து எந்தப் பசலி வரைக்கும், சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எத்தனை தாள், அதுல எத்தனை கிழிசல். மூணாம் நாள் ஆள் வந்தாங்க. தாத்தா பட்டியலை நீட்டி, "ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறேன், ஒத்துப் பாத்து வாங்கிக்கங்க"ன்னார். வந்தவங்களுக்கு அன்னைக்கே இன்னும் 3 ஊர் போகணும். "எல்லாம் சரியாத்தான் இருக்கும் பெரியவரே"ன்னு சொல்லிட்டு, எல்லாத்தையும் கோணிப்பையில போட்டுக் கட்டி, மாட்டு வண்டியில ஏத்திட்டாங்க. அரைத்தாள்ல ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் அந்த வாக்கியம்.

அவர் பயந்தது வீண் போகலை. சில வருஷம் கழிச்சு ஊர்ல ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு ஒரு பழைய பசலி அடங்கல் தேவைப்பட்டது. அலுவலகத்துல தேடிட்டு, "பழைய கர்ணம் ஒப்படைக்கலை"ன்னு பதில் சொல்லிட்டாங்க. ஊர்ல 'கணக்குப்பிள்ளை ஒளிச்சு வச்சுக்கிட்டார்'னு பேச்சு. தாத்தா அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு அலையா அலைஞ்சார். பட்டியல்ல அந்தக் கணக்கு இருக்கு. ஆனா பட்டியல்ல கையெழுத்து இல்லையே. 1991-ல அவர் செத்துப் போகிற வரைக்கும் அந்தப் பேச்சு முழுசா ஓயலைன்னு அம்மா சொல்றாங்க.

பெட்டியில் இருந்தது

தகரப்பெட்டியில அந்தப் பட்டியல் இருந்தது. நாலா மடிச்ச முழு வெள்ளைத்தாள், மடிப்புல விரிசல். கார்பன் வச்சு எழுதின இன்னொரு பிரதியும் இருந்தது. மொத்தம் 43 இனம். இடது பக்கம் வரிசை எண், நடுவுல கணக்கோட பேரு, வலது பக்கம் கோடு போட்ட காலி இடம், வாங்கறவர் ஒத்துப் பார்த்து ஒவ்வொண்ணுக்கும் டிக் அடிக்கிறதுக்கு. 43 இடமும் காலி. கடைசியில தாத்தாவே தன் கையால எழுதி வச்சிருக்கார், மேற்படி கணக்குகள் யாவும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்னு. அதுக்குக் கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கார். அதுவும் காலி.

கூடவே அந்த அரைத்தாள் சீட்டு. அதுல ஒரே வரி. கணக்கு மூட்டை 5 பெறப்பட்டதுன்னு.

43 இனம் எப்படி 5 மூட்டை ஆச்சுங்கிறதுதான் மொத்தக் கதையும். அந்தக் காலத்து இடையன்கிட்ட 96 ஆட்டை விட்டுட்டு 'ஒரு மந்தை'ன்னு மட்டும் கல்லுல வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாத்தியார் புத்தகத்தைத் திறக்காமலே 'சரி சரி, படிச்சிருப்பே, உட்காரு'ன்னா அந்தப் பையன் பாடம் ஒப்பிச்சவன் ஆவானா? தாத்தா சொன்னது பிடிவாதம் இல்லை. அவர்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டுப் போனாங்க. அவர் ஒப்படைக்கலை. ஒப்படைக்க விடலை.

பதவி போன வருத்தமும் அவருக்கு இருந்திருக்கும், மனுஷன்தானே. ஆனா அந்த ராத்திரி சோறு இறங்காம பண்ணினது அது இல்லைன்னு இப்போ நினைக்கிறேன். வாழ்நாள் பூரா பார்த்த கணக்கை யாரும் ஒரு தடவைகூட ஒத்துப் பார்த்து 'சரியா இருக்கு'ன்னு சொல்லலை. நல்ல கர்ணமோ கெட்ட கர்ணமோ, அதைச் சொல்லவும் ஒத்துப் பார்த்திருக்கணும் இல்லையா?

கீழே இறக்கின பெட்டியை எனக்குத் தர்றதா அம்மா சொன்னாங்க. மூடியைச் சாத்தி எடுத்துக்கிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "இருடா, எண்ணிப் பாத்து வாங்கிக்கோ"ன்னாங்க.

உட்கார்ந்து எண்ணினேன். பட்டியல் 2 பிரதி, அரைத்தாள் சீட்டு, ஒரு மைக்கூடு, ஒரு காப்பியிங் பென்சில் துண்டு, மரஸ்கேல், மூக்குக்கண்ணாடிக் கூடு. "ஏழு இருக்கும்மா. சரியா இருக்கு."

"ம்" என்றார் அம்மா.

பி.கு.: உங்க ஊர்ல ஒப்படைக்கிறதுக்கு வேற என்ன சொல் இருக்கு? 'கையளிப்பு'ன்னு இலங்கையில சொல்றாங்க. கொங்குப் பக்கம், நாஞ்சில் பக்கம், மலேசியா பக்கம் வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. சேர்த்துக்கிறேன்.